பழைய ஆட்டப்பெட்டியும் புதிய திரையும்

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் முன்னெல்லாம் நம் நினைவுக்கு வந்தது இராமாநுசர் அவதரித்த தலம் என்பது ஒன்றே. இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னால் கோயிலை நினைப்பவரும் உண்டு. தொழிற்சாலையை நினைப்பவரும் உண்டு. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையும் பென்னலூரும் ஸ்ரீபெரும்புதூரும் அடுத்தடுத்து வருகின்றன. தெற்கே திரும்பினால் ஒரகடம். பொழுது விடியுமுன்னே தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் இச்சாலைகளில் வரிசையாக ஓடத் தொடங்கிவிடுகின்றன.

இவ்வட்டாரத்தில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2006-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. 2007-ஆம் ஆண்டில் சாம்சங் நிறுவனம் இங்கே தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்யலாயிற்று. கோடிக்கணக்கான கைப்பேசிகளைச் செய்து அனுப்பிய நோக்கியாத் தொழிற்சாலை 2014-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அக்கைப்பேசிகளுக்கு மின்னேற்றிய மெல்லிய பின் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இன்றைய புதுக் கைப்பேசிகளில் அதற்கேற்ற துளையைக் காண்பது அரிது. கருவி பழுதாகுமுன்பே அதன் பின் வழக்கொழிந்துவிடுகிறது. இது நம் காலத்துக்கே உரிய ஒரு துன்பம். இன்றைய பேச்சு அத்தகைய ஒரு துன்பத்தையும், அதைத் தீர்க்கும் வழியையும் பற்றியது.

என் தங்கையின் மகன் ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். பென்னலூரில் நண்பர் நால்வருடன் ஒரு வாடகை அறையில் தங்கியிருக்கிறான். அவனுடைய தந்தை, அதாவது என் மைத்துனர், லாரி ஓட்டியவர். 2004-ஆம் ஆண்டுத் தீபாவளிக்குச் சென்னை ரிச்சித் தெருவிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு ‘டிவி கேம்’ வாங்கி வந்தார். அண்ணனும் தங்கையும் அதற்காகப் போட்ட சண்டை கொஞ்சமன்று. மைத்துனர் இன்று இல்லை. வீட்டிலிருந்த பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியும் பழுதாகிப் போயிற்று. ஆட்டப்பெட்டி மட்டும் பரணில் பத்திரமாக இருந்தது.

சென்ற ஆண்டு அந்தத் தங்கைக்குத் தை மாதத்தில் திருமணம் என்று நிச்சயமாயிற்று. “அவள் புகுந்த வீட்டுக்குப் போகுமுன் ஒரு நாளாவது அப்பா வாங்கிக் கொடுத்த பெட்டியில் நாங்கள் இருவரும் ஆட வேண்டும், மாமா” என்றான் அவன். ஆசை சிறியது, ஆனால் நிறைவேறவில்லை. அறை நண்பர்கள் சேர்ந்து வாங்கியிருந்த தட்டைத் திரைத் தொலைக்காட்சியில் மஞ்சள் பின்னைச் செருகத் துளையே இல்லை. ஒரு கடையில் மலிவான மாற்றுக்கருவி ஒன்றை வாங்கிப் பொருத்தினான். படம் வந்தது; ஆனால் சேற்றுநீரில் நிழல் பார்ப்பது போல் வந்தது. பொத்தானை அழுத்தியபின் சற்று நேரம் கழித்தே வீரன் குதித்தான். அதற்குள் பள்ளத்தில் விழுந்துவிட்டான்.

இத்தகைய பழைய படத்தைப் புதிய திரைக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கவென்றே ‘அப்ஸ்கேலர்’ என்னும் சிறு பெட்டிகள் இருக்கின்றன. நாம் அதைப் படப்பெருக்கி என்று சொல்லலாம். மிகை நேர வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு நல்லதாக ஒன்று வாங்க அவன் விரும்பினான். “பெட்டிக்குப் பின்னால் விதவிதமான துளைகள் இருக்கின்றன, மாமா. எந்தத் துளை உள்ளதை வாங்குவது?” என்று என்னைக் கேட்டான். அவனுக்கு நான் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில், நோய் இன்னதென்று அறிந்துகொள்வோம். நம் நாட்டின் பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு முழுப் படம் 625 கோடுகளால் ஆனது. அக்கோடுகளை ஒரே மூச்சில் வரைவதில்லை. ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு முறையும், இரட்டைப்படைக் கோடுகளை மறு முறையுமாக, நொடிக்கு 50 முறை பாதிப் பாதியாக வரைவார்கள். நம் கண் அவ்விரு பாதிகளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும்.

பழைய ஆட்டப்பெட்டிகளைச் செய்தவர்கள் இதில் ஓர் உபாயம் செய்தார்கள். இரு பாதிகளையும் மாற்றி மாற்றி வரையாமல், ஒரே இடத்தில் உள்ள ஏறத்தாழ 240 கோடுகளையே திரும்பத் திரும்ப வரையச் செய்தார்கள். ஆகவே அவற்றின் படம் பாதிப் படமன்று. கோடுகள் குறைந்த முழுப் படம். நாட்டிற்கேற்ப நொடிக்கு 50 அல்லது 60 புதிய படங்கள் கிடைத்தன. பழைய கண்ணாடிக் குழாய் இதை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது.

புதிய தட்டைத் திரையோ அப்படியன்று. வருவது பாதிப் படம் என்றே அது பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறது. அடுத்தடுத்து வரும் இரண்டு படங்களைப் பிடித்து வைத்து, ஒன்றாகப் பின்னி, பிறகே காட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு கணத்துப் படங்களாதலால் ஓடும் உருவத்தின் ஓரம் சீப்புப் பல் போலக் கிழிந்து தோன்றும். அடிபட்ட வீரன் மின்னி மின்னித் தோன்ற வேண்டிய இடத்தில் சில வேளை அடியோடு மறைந்துபோவான். ஏனெனில் அவன் தோன்றும் படங்கள் ஒதுக்கப்பட்டு, தோன்றாத படங்களே எஞ்சிவிடுகின்றன. அன்றியும், படங்களைப் பிடித்து வைத்திருப்பதனால் காலம் கழிகிறது. நொடிக்கு 60 படங்கள் வரும்போது ஆறு படங்களின் காலம் தாமதமானால், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. செய்தி கேட்பவருக்கு அது ஒன்றுமில்லை. பள்ளத்தைத் தாண்டுபவனுக்கு அதுவே உயிர்.

நல்ல படப்பெருக்கி இந்த மயக்கத்தைத் தீர்க்கிறது. வருவது 240 கோடுகள் கொண்ட முழுப் படம் என்பதை அது அறியும். ஒவ்வொரு கோட்டையும் மூன்று முறை வரைந்தால் 720 கோடுகள். ஒன்பது முறை வரைந்தால் 2160 கோடுகள். புதிய திரைக்குப் பழக்கமான அளவுகள் இவை. சில பெட்டிகள் சில கோடுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு உடனுக்குடன் பெருக்கிக் கொடுப்பதால் தாமதம் இல்லையென்றே சொல்லலாம். வேறு சில பெட்டிகள் ஒரு படத்தை வாங்கி வைத்துச் சீர்செய்து கொடுக்கின்றன. எப்படியாயினும் படப்பெருக்கி பெருக்குவது தன்னிடம் வந்து சேர்ந்ததைத்தான். வழியிலே தொலைந்ததை அது தேடிக் கொடுக்காது. ஆதலால்தான் துளையைப் பற்றிய கேள்வி இத்துணை முக்கியமாகிறது.

படத்தின் செய்தியைத் தாங்கி வரும் மின்குறியில் மூன்று பொருள்கள் உள்ளன. ஒன்று ஒளி; எவ்விடம் வெளிச்சம், எவ்விடம் இருள் என்று சொல்வது. மற்றொன்று நிறம். மூன்றாவது தாளம். ஒரு கோடு எப்போது தொடங்குகிறது, ஒரு படம் எப்போது தொடங்குகிறது என்று திரைக்கு உணர்த்துவது இதுவே. இம்மூன்றும் எப்படிக் கட்டி அனுப்பப்படுகின்றன என்பதில்தான் துளைக்குத் துளை வேற்றுமை.

ஓர் உவமை சொல்கிறேன். ஊரிலிருந்து அரிசியும் உளுந்தும் அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டி அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கே வந்தபின் சலித்துப் புடைத்துப் பிரிக்க வேண்டும். எவ்வளவு கைதேர்ந்தவர் பிரித்தாலும் அரிசியில் கொஞ்சம் உளுந்து தங்கும். உளுந்தில் கொஞ்சம் அரிசி தங்கும். மஞ்சள் பின் வழியே வரும் படம் இத்தகையது. ஒளி, நிறம், தாளம் மூன்றும் ஒரே கம்பியில் வருகின்றன. நம் நாட்டு முறையில் நொடிக்கு ஏறத்தாழ 44 இலட்சம் முறை அதிரும் அலை ஒன்றின்மேல் நிறத்தை ஏற்றி, அதை ஒளியோடு கலந்துவிடுகிறார்கள். பிரிக்கும்போது ஒளியில் தங்கிய நிறம், உருவங்களின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போன்ற புள்ளிகளாகத் தெரியும். நிறத்தில் தங்கிய ஒளி, நெருக்கமான கோடுகளின்மேல் இல்லாத வானவில்லைக் காட்டும்.

இதினும் கீழான வழி ஒன்று உண்டு. அது ஆண்டெனாத் துளை. கலந்த சாக்கை அப்படியே திறந்த வண்டியில் ஏற்றித் தூசி நிறைந்த பாதையில் அனுப்புவது போன்றது அது. மஞ்சள் பின் இருக்கும்போது ஆண்டெனாக் கம்பியைத் தேட வேண்டியதில்லை.

அடுத்த படி எஸ்-வீடியோ என்பது. சிறிய வட்டத்துள் நான்கு ஊசிகள் கொண்ட பின் இது. இதில் ஒளியும் தாளமும் ஒரு கம்பியில் வரும்; நிறம் மற்றொரு கம்பியில் வரும். அரிசி ஒரு சாக்கு, உளுந்து ஒரு சாக்கு என்று அனுப்பியதற்கு ஒப்பாகும். புள்ளி ஊர்வதும் பொய் வானவில்லும் நீங்கிவிடும்.

அதற்கும் மேலே, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்பி, தாளத்தையும் தனியே அனுப்பும் முறை. சுருக்கமாக ஆர்.ஜி.பி. என்பார்கள். ஐரோப்பாவில் இது ‘ஸ்கார்ட்’ என்னும் 21 முனைகள் கொண்ட அகன்ற பின்னில் வரும். பிரான்ஸ் நாட்டில் 1970-களில் தோன்றிய இந்தப் பின்னை, அங்கே விற்கும் புதிய தொலைக்காட்சிகளில் 1980 முதல் கட்டாயமாக்கினார்கள். நம் வீடுகளில் இருந்த சாலிடேர், டயனோரா, ஒனிடா, பி.பி.எல். பெட்டிகளில் இதை நாம் பெரும்பாலும் கண்டதில்லை. ஆதலால்தான் இதைப் படப்பெருக்கியின் பின்புறத்தில் பார்க்கும்போது நம்மவர்கள் திகைக்கிறார்கள்.

இதற்கு ஏறக்குறைய நிகரானது ‘காம்பொனென்ட்’ என்னும் முறை. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பின்கள் இதில் உண்டு. நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பச்சைப் பின்னில் வருவது பச்சை நிறமன்று. ஒளியும் தாளமும் ஆகும். மற்ற இரண்டில், ஒளிக்கும் நீலத்துக்கும் உள்ள வேற்றுமையும், ஒளிக்கும் சிவப்புக்கும் உள்ள வேற்றுமையும் வருகின்றன. இம்மூன்றும் தெரிந்தால் பச்சையைக் கணக்கிட்டுக் கொள்ளலாம் அல்லவா? கணினித் திரைகளுக்கு வழங்கிய 15 ஊசிகள் கொண்ட வி.ஜி.ஏ. பின்னும் ஆர்.ஜி.பி. இனத்தைச் சேர்ந்ததே. 1987-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது அது. ஆட்டப்பெட்டிகளில் 1998-இல் வந்த ட்ரீம்காஸ்ட் அதற்கு ஏற்றது. எச்.டி.எம்.ஐ. என்பது எண்முறை. பழைய பெட்டிகளிலிருந்து அது தானே வருவதில்லை.

இப்படிகளைக் கேட்டவுடன், “மேல்படித் துளை உள்ள படப்பெருக்கியை வாங்கினால் போதும் அன்றோ?” என்று தோன்றும். என் மருமகனும் அப்படியே நினைத்தான். தவறு இங்கேதான் பிறக்கிறது. நாம் துளையைத் தேர்வது கடையிலன்று. ஆட்டப்பெட்டியைச் செய்தவர் முன்னமே தேர்ந்துவிட்டார். அவர் எதை வெளியே விட்டாரோ, அதை வாங்கிக்கொள்ளத் தக்க துளையையே நாம் தேட வேண்டும்.

நம் நாட்டில் மிகுதியாகப் பரவிய பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ரிச்சித் தெருவிலும் ஊர்த் திருவிழாக் கடைகளிலும் விற்ற ‘டிவி கேம்’கள் பெரும்பாலும், 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாம் என்னும் பெட்டியின் நகல்கள். அந்தப் பெட்டியில் படம் வரையும் சில்லே ஒளியையும் நிறத்தையும் கலந்துதான் வெளியே விடுகிறது. பிறக்கும்போதே கலந்து பிறந்த படம் அது. உள்ளே உள்ள சில்லையே மாற்றினாலன்றிப் பிரிந்த நிறம் அதிலிருந்து வராது. ஆகவே அதற்கு மஞ்சள் பின்தான் முடிவான எல்லை. நம் நாட்டில் விற்றவை பெரும்பாலும் பால் என்னும் நிறமுறையைச் சேர்ந்தவை. ஆதலால் வாங்கும் படப்பெருக்கி அந்நிறமுறையையும் நொடிக்கு 50 படங்களையும் ஏற்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நிறமுறை பொருந்தாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரும்.

சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் வேறு வகை. அதிலிருந்து ஆர்.ஜி.பி. இயல்பாகவே வருகிறது, எஸ்-வீடியோ வருவதில்லை. எனவே மஞ்சளுக்கு மேல் ஏற வேண்டுமானால் ஸ்கார்ட் ஒன்றே நேர் வழி. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. 1991-இல் வந்த சோனிக் ஆட்டத்தில் ஓர் அருவி வரும். அதை வரைந்தவர்கள் நெருக்கமான நெடுங்கோடுகளால் வரைந்தார்கள். மஞ்சள் பின்னின் மங்கலில் அக்கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, அப்பால் உள்ளது தெரியும் நீராகத் தோன்றின. தெளிவான ஆர்.ஜி.பி.யில் பார்த்தால் அருவி மறைந்து கோடுகள் நிற்கின்றன. கலைஞன் தன் கருவியின் குறையையும் அறிந்தே வரைந்தான். ஆதலால் கூர்மை மிக்க படமே எப்போதும் உண்மையான படம் என்று சொல்லிவிட முடியாது.

1994-இல் தோன்றிய சோனியின் முதல் பிளேஸ்டேஷன் எஸ்-வீடியோவும் ஆர்.ஜி.பி.யும் தரவல்லது; காம்பொனென்ட் தராது. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 காம்பொனென்டும் தரும். உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது. நம் ஊர்களிலும் இன்று பல வீடுகளில் இருக்கிறது. முதல் பிளேஸ்டேஷனின் தட்டுகளையும் அதில் போட்டு ஆடலாம். அந்த ஆட்டங்களும் காம்பொனென்ட் வழியே 240 கோடுகளாக நல்ல முறையில் வெளிவரும். ஆனால் ஒன்று நினைவில் வைக்க வேண்டும். அப்பெட்டியின் அமைப்புப் பகுதியில் காம்பொனென்ட் என்பதைத் தேர்ந்து வைக்க வேண்டும். ஆர்.ஜி.பி. என்று இருந்தால் நிறங்கள் தாறுமாறாகத் தோன்றும். ஆகவே மஞ்சள் பின்னை வைத்தே முதலில் அந்த மாற்றத்தைச் செய்துவிட்டு, பிறகு கேபிளை மாற்றுவது நல்லது.

இனி, உருவத்தைக் கண்டு ஏமாறாதிருக்கச் சில எச்சரிக்கைகள். பின்னின் வடிவம் வேறு, அதில் வரும் மின்குறி வேறு. ஸ்கார்ட் பின்னில் ஆர்.ஜி.பி.யும் வரலாம், எஸ்-வீடியோவும் வரலாம், வெறும் மஞ்சள் படமும் வரலாம். மலிவான ஸ்கார்ட் கேபிள் சிலவற்றில் உள்ளே மஞ்சள் படத்துக்குரிய கம்பி மட்டுமே இருக்கும். ஜப்பானில் அதே 21 முனை வடிவத்தை வைத்துக்கொண்டு, முனைகளின் வரிசையை மட்டும் மாற்றி அமைத்தார்கள். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் செருகினால் படம் வராததோடு கருவிக்கும் தீங்கு நேரலாம்.

காம்பொனென்ட் கேபிளில் ஐந்து தலைகள் உண்டு. அவற்றுள் சிவப்பு இரண்டு. ஒன்று படத்துக்கு, மற்றொன்று ஒலிக்கு. இரண்டையும் இடம் மாற்றிச் செருகிவிட்டுப் பெட்டி கெட்டுவிட்டது என்று வருந்தியவர் பலர். சில கருவிகளில் மஞ்சள் பின்னுக்கென்று தனித் துளை இராது; பச்சைத் துளையிலேயே அதைச் செருக வேண்டும். சில புதிய தொலைக்காட்சிகளில் காதுக்கருவித் துளை போன்ற சிறு துளை ஒன்று இருக்கும். அதற்குரிய கேபிளில் படமும் ஒலியும் வரும் வளைய வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆதலால் பொருந்தும் கேபிள் என்பது வேறு, பொருத்தமான கேபிள் என்பது வேறு.

மின்சாரத்தின் அளவையும் மறக்கலாகாது. இக்கம்பிகளில் வரும் படக்குறியின் உயரம் ஒரு வோல்ட் அளவினது. அதில் தாளத்தின் பங்கு 0.3 வோல்ட். சில பெட்டிகளிலிருந்து தாளம் மட்டும் 5 வோல்ட் உயரத்தில் வெளிவருகிறது. அதைக் கேபிளுக்குள்ளேயே ஒரு மின்தடை வைத்துத் தணிக்க வேண்டும். அவ்வாறு தணிக்காத கேபிளை விலை குறைவு என்று வாங்கினால், மாதச் சம்பளத்தில் வாங்கிய படப்பெருக்கியை ஒரு நொடியில் இழக்க நேரும். எந்தப் பெட்டிக்கு, எந்த நாட்டு மாதிரிக்கு என்று சொல்லி விற்கும் கேபிளையே வாங்குங்கள். செருகும்போதும் கழற்றும்போதும் இரு கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிடுங்கள்.

இப்போது படப்பெருக்கிகளின் பக்கம் திரும்புவோம். பின்லாந்து நாட்டவரான மார்க்குஸ் ஹீயென்காரி வடிவமைத்து, அமைப்பின் விவரங்களை யாவரும் பார்க்குமாறு வெளியிட்ட ஓ.எஸ்.எஸ்.சி. என்பது பெரிதும் பாராட்டப்படும் ஒன்று. கோடுகளை உடனுக்குடன் ஐந்து மடங்கு வரை பெருக்கவல்லது. அந்த ஐந்து மடங்கை எல்லாத் தொலைக்காட்சிகளும் ஏற்பதில்லை. அதன் முதற்பெட்டியில் ஸ்கார்ட், காம்பொனென்ட், வி.ஜி.ஏ. துளைகள் உள்ளன. மஞ்சள் பின்னின் படத்தையும் எஸ்-வீடியோவையும் அது தானாக ஏற்பதில்லை. என் மருமகன் ஆசைப்பட்டு வைத்திருந்தது இதைத்தான். வாங்கியிருந்தால் அவன் தந்தை கொடுத்த பெட்டிக்கு அது ஒரு நாளும் பயன்பட்டிராது. நல்ல கருவிதான், ஆனால் அவனுக்குரிய கருவியன்று.

அமெரிக்காவில் மைக் சீ என்பவர் உருவாக்கிய ரெட்ரோடிங்க் வரிசைப் பெட்டிகள் வேறு போக்கின. அவற்றுள் 2எக்ஸ் புரோ என்பது மஞ்சள், எஸ்-வீடியோ, காம்பொனென்ட் மூன்றையும் ஏற்கும். ஸ்கார்ட் அதில் இல்லை. 2021-இல் வந்த 5எக்ஸ் புரோ ஸ்கார்ட்டையும் சேர்த்து ஏற்கிறது. பின்னர் வந்த 4கே என்னும் பெரிய பெட்டி ஏறக்குறைய எல்லாத் துளைகளையும் கொண்டது. அறிமுகமானபோது அதன் விலை 750 அமெரிக்க டாலர். அதன்மேல் இறக்குமதி வரியும் உண்டு. வீட்டில் மஞ்சள் பின் மட்டும் உள்ள ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு இத்தனை துளைகளுக்கு விலை கொடுப்பது, குடிப்பதற்குக் குடம் தேடிச் சென்று குளத்தையே விலைபேசியது போலாகும்.

“முன்பு வாங்கிய மலிவான மாற்றுக்கருவி இருக்கிறதே, மாமா. அதிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ.யைப் பெரிய படப்பெருக்கியில் செருகினால் ஆகாதா?” என்று அவன் கேட்டான். ஆகாது என்றேன். அந்தக் கருவி முன்னமே இரு படங்களைப் பின்னிக் குழப்பிவிட்டது. குழப்பத்தைப் பெருக்கினால் பெரிய குழப்பமே கிடைக்கும். அரிசியும் உளுந்தும் கலந்த சாக்கைத் திறந்து, இரண்டு அழகிய புதிய சாக்குகளில் பாதிப் பாதியாகக் கொட்டினால் பிரித்ததாகிவிடுமா? இதே காரணத்தால்தான் மஞ்சள் படத்தை ஸ்கார்ட் பின்னாக மாற்றிக் கொடுக்கும் சிறு கட்டையும் ஒரு படி ஏற்றிவிடாது. வடிவத்தை மாற்றலாம், இழந்ததை மீட்க இயலாது. ஆர்.ஜி.பி.யைக் காம்பொனென்டாக மாற்றும் கருவிகள் மட்டும் இதற்கு விலக்கு. அவை இரண்டும் ஒரே படியைச் சேர்ந்தவையாதலால் நல்ல மாற்றுக்கருவியில் இழப்பு மிகக் குறைவு.

இறுதியில் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி போடச் சொன்னேன். இடப்பக்கத்தில் தன்னிடம் உள்ள பெட்டிகளை எழுதினான். ஒன்று ‘டிவி கேம்’; மற்றொன்று அறை நண்பன் வைத்திருந்த பிளேஸ்டேஷன் 2. வலப்பக்கத்தில் அவை ஒவ்வொன்றும் தரவல்ல மிக உயர்ந்த மின்குறியை எழுதினான். முதலாவதற்கு மஞ்சள், இரண்டாவதற்குக் காம்பொனென்ட். ஸ்கார்ட் என்ற சொல் அத்தாளில் வரவே இல்லை. மஞ்சளையும் காம்பொனென்டையும் பால் முறையையும் ஏற்கும் அளவான பெட்டி ஒன்றே போதும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. சேர்த்த பணத்தில் பாதிக்கு மேல் மிஞ்சிற்று. அது தங்கையின் திருமணச் செலவுக்குப் போய்ச் சேர்ந்தது.

தை பிறப்பதற்குப் பத்து நாள் முன்னே தங்கையும் தாயும் பென்னலூருக்கு வந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். படம் புத்தம் புதியதாகத் தோன்றிற்று என்று நான் சொல்ல மாட்டேன். உருவங்களின் ஓரத்தில் எறும்புகள் ஊர்ந்தபடியே இருந்தன. அது அப்பெட்டியின் பிறவிக் குணம். ஆனால் கோடுகள் அசையாமல் நின்றன. மின்ன வேண்டிய வீரன் மின்னினான். பொத்தானை அழுத்திய கணத்திலேயே குதித்தான். முதல் ஆட்டத்தில் தங்கை வென்றாள். தன் பிடிப்பானில் ஒரு பொத்தான் சரியில்லை என்று அண்ணன் வாதாடினான். அந்த வழக்கு 2004-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது என்று அவர்கள் தாய் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். கடைக்குப் போய்ப் படப்பெருக்கியின் பின்புறத்தைப் பார்க்குமுன் உங்கள் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். அது என்ன தரவல்லது என்பதை அறியுங்கள். அதை அப்படியே, இடையில் வேறெதுவும் புகாமல், வாங்கிக்கொள்ளும் துளையைத் தேடுங்கள். நிறமுறை பொருந்துமா, கேபிள் அந்த மாதிரிக்கு உரியதா என்று கேளுங்கள். இவ்வளவும் செய்தபின் பணத்தை எடுத்தால் போதும்.